ஏழாம் நம்பர் கரி

இருநூற்றுப் பன்னிரண்டு. இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டுதான். நிமிஷத்துக்கு ஐந்து டிகிரிக்கு மேல் ஏறமாட்டேன் என்று யாருக்கோ சத்தியம் பண்ணிக்கொடுத்த மாதிரி இந்த ஃபர்னஸ், எண்ணூறைத் தொட இன்னும் இரண்டு மணி நேரம் பிடிக்கும், தொட்ட பிறகு அங்கேயே இரண்டு மணி நேரம் உட்காரும், பிறகு ஆறும், அது ஆறுவதற்குள் நாம் ஆறிப்போய்விடுவோம் என்று நினைத்துக்கொண்டே திலகவதி ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். ஸ்டூல் ஆடியது. மூன்று வருஷமாக ஆடுகிறது. குட்டைக் காலுக்கு அடியில் பேப்பரை மடித்து வைத்தால் மறுநாள் அந்தப் பேப்பர் இருக்காது, எவர் எடுக்கிறார்களோ, இந்த லேபில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. உள்ளே வேகிறது இருபத்திரண்டாம் நம்பர். மளிகைக் கடைச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, பிரஷர் குக்கர் மாதிரி ஒரு கலத்தில் இறுக்கி மூடி, ஒரு நாள் முழுக்க வேகவைத்தால் கருப்பாகக் குருணை வரும். குருணை என்றால் கண்ணுக்குத் தெரிகிற குருணை இல்லை, ஐந்நூறைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் கனம் வரும். அதோடு பொட்டாஷ் காரத்தைக் கலந்து, காற்றில்லாத குழாய்க்குள் வைத்துச் சுட்டால், காரம் ஒவ்வொரு குருணையையும் அரித்துத் துளை போடும், துளைக்குள் துளை போடும். ஒரு கிராம் தூளில் இருக்கிற துளைகளையெல்லாம் விரித்துப் போட்டால் அரை ஏக்கர் வரும் என்று செமினாரில் சொன்னபோது கைதட்டினார்கள். வீட்டில் சொன்னபோது அம்மா, "அரை ஏக்கருக்குத்தான்டி உங்கப்பாவும் பெரியப்பாவும் அடிச்சிக்கினு கோர்ட்டுக்குப் போனாங்க, நீ ஒரு ஸ்பூன்ல அள்ளிக்கினு வந்துட்டியா" என்றாள். இருநூற்றுப் பதினைந்து. ஏறுது ஏறுது, ரொம்ப சந்தோஷம்.

அந்த அரை ஏக்கர் வேலை செய்தால்தானே. ஏழாம் நம்பர் மட்டும் வேலை செய்தது. ஏப்ரலில் சுட்ட ஏழாம் நம்பர். தோல் கம்பெனிக் கழிவு இறங்கி மஞ்சளாகிப்போன கிணற்றுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு, குலுக்கி, வடிகட்டி, சோதனைத் திரவத்தை நாலு சொட்டு விட்டுப் பார்த்தால், குரோமியம் இருந்தால் ஊதாவாக மாறவேண்டும், மாறவில்லை. வெறும் தண்ணீராக நின்றது. இன்னும் நாலு சொட்டு விட்டாள், இன்னும் நாலு, திரவம் கெட்டுப்போயிருக்குமோ என்று புதிதாகக் கலக்கிவந்து விட்டாள், ஊதா இல்லவே இல்லை. அதற்குப் பிறகு எட்டு, ஒன்பது, பத்து என்று அத்தனையும் ஊதா. கத்திரிப்பூ ஊதா, நாவல்பழ ஊதா, தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை ஊதா.  தப்பு இவள்மேல்தான். ஏழாம் நம்பர் சரியாக வந்த அன்றைக்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கவேண்டும். ஒரு ஸ்பூன் தூளைப் பொட்டலம் கட்டி ஊருக்கு எடுத்துப்போய், தெருக் கிணற்றுத் தண்ணீரை அம்மா முன்னாலேயே குலுக்கி வடித்துக் காட்டினாள், காட்டியதோடு சொம்பைக் கீழே வைத்தாள், திரும்புவதற்குள் அம்மா ஒரு டம்ளர் எடுத்துக் குடித்தே விட்டாள். தடுக்க நேரமில்லை. குடித்துவிட்டு, "உப்பா கீது, ஆனா நாத்தம் இல்ல" என்றாள். வேறென்னென்ன அதில் இருந்ததோ, ஈயம் இருந்ததோ என்ன எழவு இருந்ததோ, அன்றிலிருந்து அம்மா தும்மினாலும் இவளுக்குப் பகீரென்கிறது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், அதுதான் ஆனது. எங்க திலகா தண்ணிய சுத்தம் பண்ற கரித்தூள் கண்டுபுடிச்சிட்டா. ஏழு மாசமாக எல்லாரும் கேட்கிறார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைக்குக் கை முழுக்கப் புண் என்று எதிர்வீட்டுக்காரி போனிலேயே அழுகிறாள். அவளுக்கு இவள் என்ன பதில் சொல்வது, எங்கிட்ட இருக்கிறது பத்தொன்பது டப்பா கரிக்கட்டை என்றா சொல்வது.

அம்மா நினைப்பு வந்தால் அம்மா போன் வரும். வந்தது. எடுக்காமல் விட்டால் மறுபடி அடிப்பாள், அதற்கு எடுத்தே தொலைக்கலாம். "சாப்ட்டியா?" "சாப்ட்டேம்மா." சாப்பிடவில்லை. "அந்தக் கரித்தூள் எப்ப வரும்னு கேக்கறாங்கடி." "வரும்மா." "எப்பன்னு ஒரு நாளு சொல்லேன், நான் இன்னான்னு பதில் சொல்றது? போன தடவ மாரியே செய்ய வேண்டியதுதானே? ஒரு தடவ வெச்ச கொழம்ப மறுபடி வெக்கத் தெரியாதா?" "அம்மா, வேலையா இருக்கேன், வை." வைத்தாள். ஒரு தடவை வைத்த குழம்பு. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். அதைத்தானே கைடு சற்குணம் சாரும் காலையில் வேறு மாதிரி சொன்னார். சார் கெட்டவர் இல்லை, அது வேறு எரிச்சல், கெட்டவராக இருந்தாலாவது மனசுக்குள் திட்டித் தீர்க்கலாம். ஓய்வுபெற எட்டு மாசம் இருக்கிறது, கடைசி மாணவி இவள், இவள் கரையேறினால் அவரும் கரையேறுவார். "ஒண்ணு வந்துச்சுல்ல, திலகவதி? வந்தது வந்ததுதானே? அதை எழுது, மத்தது ஆபரேட்டர் மிஸ்டேக்னு விட்டுடு. எல்லாரும் செய்றதுதான். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் குடு, நான் அனுப்பிடறேன்." ஆபரேட்டர் என்றால் யார், இவள்தான். இருபது தடவை தப்பாகச் செய்தவளும் இவள், ஒரே தடவை சரியாகச் செய்தவளும் இவள். ஆய்வுக் கட்டுரையோடு அனுப்பவேண்டிய அந்தப் படிவம் மேஜைமேல் கிடக்கிறது, பறக்காமல் இருக்க ஒரு பீங்கான் உரலைத் தூக்கி மேலே வைத்திருக்கிறாள். மீண்டும் மீண்டும் செய்து சரிபார்க்கப்பட்டது என்று அதில் ஒரு வரி. கையெழுத்து அந்த வரிக்குக் கீழேதான். மீண்டும் மீண்டும் செய்தது என்னவோ சத்தியம். அடுத்த வாரம் ஃபர்னஸும் வேறு துறைக்குப் போகிறது, இதுதான் கடைசி. முந்நூற்று நாற்பது.

குமிழி வருகிறதா? வருகிறது. ஃபர்னஸிலிருந்து வெளியே வரும் நைட்ரஜன், சீசாத் தண்ணீருக்குள் குமிழியாக ஒன்று, இரண்டு, மூன்று. குமிழி நின்றால் உள்ளே காற்றுப் புகுந்து கரி சாம்பலாகிவிடும், பதினொன்றாம் நம்பர் அப்படித்தான் போனது, சிலிண்டர் காலியானது தெரியாமல் சாப்பிடப் போனாள், வந்து பார்த்தால் திருநீறு. அன்றிலிருந்து ஃபர்னஸ் ஏறுகிற நேரத்தில் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதில்லை. மறுபடி முதலிலிருந்து யோசி. யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோனது, ஆனாலும் யோசி. சர்க்கரை, அதே கடை. வேகவைத்தது அதே கலம். காரம், அதே டப்பா, நாலு மடங்கு. எண்ணூறு டிகிரி. இரண்டு மணி. வெளியே எடுத்து, காரம் போக ஆசிடில் கழுவி, ஆசிட் போக டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, லிட்மஸ் தாள் நிறம் மாறாமல் நிற்கிற வரைக்கும் கழுவி, உலர்த்தி. அவ்வளவுதானே. எதை விட்டேன்? அன்றைக்கு வெயில் அதிகமா? வெயிலுக்கும் எண்ணூறு டிகிரிக்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்கு நல்ல நேரமா? சீ, இதற்குத்தான் படித்தாயா. சர்க்கரையில் எறும்பு இருந்ததா? பதினான்காம் நம்பருக்கு எறும்பையும் போட்டுப் பார்த்தாயிற்று, வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஊதாதான். "அம்மா, காலத் தூக்கு" என்று குரல் கேட்டது. லேபைப் பெருக்கித் துடைக்கிற பூங்காவனம், ஈரத் துடைப்பத்தோடு நின்றாள். ஐம்பது வயது, இவளை அம்மா என்பாள், இவள் அவளை அக்கா என்பாள், அதோடு மரியாதை சரி. "ஏறும்போது இங்க வராதீங்கன்னு எத்தனை தடவக்கா சொல்றது? அந்த ட்யூப் மேல துடைப்பம் பட்டா யார் பதில் சொல்றது? நீங்களா?" பூங்காவனம் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கிப் போனாள், காலுக்கு இரண்டடி தள்ளித் துடைத்தாள். அவள் அப்படி ஒதுங்கியது இவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பதிலுக்கு ஏதாவது சொன்னால்தான் என்ன? மூன்று வருஷம் முன்னால் ஒரு பீக்கர் உடைந்தது, இவள் சாரிடம் சொன்னாள், சார் ஆபீஸில் சொன்னார், ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் பூங்காவனத்தை ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று நிறுத்திவைத்தான். அது இவ்வளவு தூரம் போகும் என்று இவளுக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாள், அன்றைக்கு இருந்த கோபத்துக்கு.

நானூற்றுத் தொண்ணூறு. நோட்டை எடுத்தாள். ஏழாம் நம்பர்ப் பக்கம் தானாகவே திறந்துகொண்டது, அத்தனை தடவை திறந்த பக்கம். கழுவி முடித்ததும் அந்தந்த ஃபில்டர் பேப்பரை உலர்த்தி நோட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டிவைப்பது இவள் வழக்கம், லேபில் வேறு யாருக்கும் அந்தப் பைத்தியம் கிடையாது. வட்டமான பேப்பர், நடுவில் கரி படிந்த கருப்பு, ஓரத்தில் வெள்ளை. எட்டிலும் ஒன்பதிலும் அப்படித்தான். ஏழில் மட்டும் ஓரம் பழுப்பு. பக்கத்தில் சிவப்பு மையில் இவளே எழுதியிருக்கிறாள், டீக்கறை, நசீமா, இரண்டு ஆச்சரியக்குறி. நசீமா அடுத்த மேஜைக்காரி, இவளுக்கு ஒரு வருஷம் பின்னால் சேர்ந்தவள், சாயத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறாள். ஒழுங்காக வந்த ஒரே நம்பர், அதன் பேப்பர்மேல் டீயைக் கொட்டிவைத்திருக்கிறாள் பார், இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. "நசீமா, லேபுக்குள்ள டீ குடிக்காதேன்னு அன்னிக்குச் சொன்னேன், இன்னிக்கும் கப்பைக் கொண்டுவந்து வச்சிருக்கியே." நசீமா திரும்பினாள். "என்னிக்குக்கா?" "இதோ, ஏப்ரல் பதினொண்ணு, பேப்பர்ல கறை." நசீமா எழுந்து வந்து நோட்டைக் குனிந்து பார்த்தாள். தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு ஆச்சரியக்குறியையும் பார்த்தாள். "ஏப்ரல் பதினொண்ணு ரமலான் மாசம்க்கா. எனக்கு நோன்பு. பகல்ல தண்ணிகூட நாக்குல படல, டீ எங்கேர்ந்து?" "அப்ப அன்னிக்கே சொல்லவேண்டியதுதானே!" "சொல்லலாம்னுதான் நின்னேன். நீங்க கத்தி முடிக்கவே அரை மணி ஆச்சு, எனக்குத் தொழுகைக்கு நேரமாயிடுச்சு." சொல்லிவிட்டு அவள் போய்ச் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை, பஸ் லேட்டானதைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

டீ இல்லை. அப்படியானால் எது? பழுப்பு. விரலால் தடவினாள், டீக்கறை உள்ளே இறங்கியிருக்கும், இது மேலே மாவாகப் படிந்திருக்கிறது, விரலில் லேசாகச் செம்மண். செம்மண்ணா? இந்த நிறத்தை எங்கே பார்த்திருக்கிறாள், எங்கேயோ தினம் பார்க்கிறாள், தினம் திட்டுகிறாள். கை கழுவுகிற சிங்க். சிங்க்கில் சொட்டுச் சொட்டாக விழுந்து விழுந்து இறங்கியிருக்கிற அந்த நீளக் கோடு, துரு, போர்வெல் தண்ணீரின் இரும்பு, எவ்வளவு தேய்த்தாலும் போகாத சனியன். இரும்பு. குரோமியத்தைப் பிடித்து அமுக்குவதற்கு இரும்பைவிட வேறென்ன வேண்டும், முதல் வருஷமே படித்ததுதானே! கரிக்கு அரை ஏக்கர் துளை, அந்தத் துளை முழுக்க இரும்பு போய் உட்கார்ந்திருந்தால்? ஆனால் இரும்பு எங்கிருந்து வரும், கழுவியது டிஸ்டில்டு வாட்டரில், இதோ எழுதியிருக்கிறதே. எழுதியது நீதான். பார்த்தாயா? கேனில் இருந்ததை ஊற்றினாய். கருப்புத் தூளில் ஊற்றினால் எந்தத் தண்ணீரும் கருப்புதான். ஏப்ரல். ஏப்ரலில் மேல்தொட்டிக்குத் தண்ணீரே வரவில்லை, ஒரு வாரம், குளிரவைக்கத் தண்ணீர் இல்லாமல் டிஸ்டில்லேஷன் மெஷின் ஓடவேயில்லை, அதற்கும் இவள் கத்தினாள், ஞாபகம் இருக்கிறது, காலியாக இருந்த கேனைத் தூக்கிக் காட்டிக் கத்தினாள், என்னக்கா வேலை செய்றீங்க, நாளைக்குக் காலையில நான் வரும்போது இது நிரம்பியிருக்கணும், எப்படி நிரம்பும்னு எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் நிரம்பியிருந்தது. எப்படி நிரம்பியது என்று இவள் கேட்கவில்லை. அடக் கடவுளே. ஏழு மாசம். பதினாலு தடவை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷம்.

"பூங்காவனம் அக்கா!" கத்தல்தான் வந்தது, வேறு குரல் இருந்தால்தானே. பூங்காவனம் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஏப்ரல் மாசம் மெஷின் ஓடாத அன்னிக்கு இந்தக் கேன்ல என்ன தண்ணி ஊத்துனீங்க?" பூங்காவனத்தின் முகம் அப்படியே மூடிக்கொண்டது. "மெசின் தண்ணிதான்மா." "மெஷின் ஓடவே இல்லைக்கா." "ஓடிச்சிம்மா. நான் இன்னாத்துக்கு வேற தண்ணி ஊத்தப்போறேன்? எம்மேல ஏன் பழி போடற? எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் இல்ல." பொய். பச்சைப் பொய். திலகவதிக்குத் தொண்டைவரை வந்துவிட்டது, ஓடாத மெஷின் எப்படிக்கா ஓடும், என் ஏழு மாசத்தைக் குடிச்சிட்டு நிக்கிறீங்களே, என்று அத்தனையும் வரிசையாக வந்து நாக்கில் நின்றது. கத்தினால் அவள் இன்னும் மூடிக்கொள்வாள். இந்த வாய் திறக்காமல் போனால் எந்தத் தண்ணீர், எந்தக் குழாய், எவ்வளவு, ஒன்றும் தெரியாது, இந்தக் காலேஜில் எட்டுக் குழாய் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு போர், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தண்ணீர். எதிர்வீட்டுக் குழந்தையின் கைப்புண் ஆறுவது இப்போது பூங்காவனம் வாய் திறப்பதில் இருக்கிறது. கத்தி வளர்த்த பயம் இது, இவளே தண்ணீர் விட்டு வளர்த்தது. ஃபர்னஸ் ஐந்நூற்று எண்பத்தைந்து. திலகவதி ஸ்டூலிலிருந்து எழுந்தாள், ஸ்டூலை அந்தப் பக்கம் நகர்த்தினாள், "உக்காருங்கக்கா, கொஞ்சம் ஆடும்" என்றாள். பூங்காவனம் உட்காரவில்லை, ஸ்டூலையும் இவளையும் மாறிமாறிப் பார்த்தாள். குரலை எப்படித் தாழ்த்துவது என்று இவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை, தாழ்த்தினால் அழுகை மாதிரி வந்தது. "தப்புன்னு கேக்கலக்கா. இருபத்தோரு தடவ செஞ்சதுல அது ஒண்ணுதான் உருப்படியா வந்துச்சு. நான் வேற தண்ணியில கழுவினேன்னு பொய்யா எழுதிவச்சிருக்கேன். அன்னிக்கு நீங்க ஊத்தின தண்ணியாலதான் அது வந்துருக்கு. அன்னிக்கு நான் உங்கள அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அந்தப் பீக்கர் விஷயத்தையும் சாருகிட்ட சொல்லியிருக்கக் கூடாது." பூங்காவனம் நசீமாவைப் பார்த்தாள். "சொல்லுங்கம்மா, அக்கா கத்தமாட்டாங்க" என்றாள் நசீமா. "அப்டியா?" என்றாள் பூங்காவனம், நம்பாமல். ஸ்டூலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீ திட்டுவியேன்னுதான்மா" என்று ஆரம்பித்தாள். "காலையில வந்தா மெசின் ஓடல. உன் வண்டி கேட்டாண்ட வந்துடுச்சி. நான் எங்க போவேன்? பின்னால ஜெனரேட்டர் ஷெட்டாண்ட கீது பாரு ஒரு குழா, யாரும் தொடமாட்டாங்க, அதுல புடிச்சி ஊத்திட்டேன். மொதத் தண்ணி செகப்பா வரும், அத ஒரு பக்கெட் கீழ வுட்டுட்டுத்தான் புடிக்கணும். அன்னிக்கு வுடறதுக்கு நேரமில்ல."

அறுநூற்றுப் பதினெட்டில் திலகவதி வெளியே போனாள். ஏறுகிற ஃபர்னஸை விட்டு அவள் எழுந்துபோனது பதினொன்றாம் நம்பருக்குப் பிறகு அன்றைக்குத்தான். "குமிழியைப் பாத்துக்கோ நசீமா" என்றாள். பார்க்கிறேன் என்று அவள் டீக்கப்பைத் தூக்கிக் காட்டினாள். பார்த்தாலும் சரி பார்க்காவிட்டாலும் சரி, இருபத்திரண்டு சாம்பலானால் ஆகட்டும், அலமாரியில் இத்தனை டப்பா இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பக் கழுவலாம். இல்லை, இருக்காது, இவ்வளவு லேசில் இருக்காது, இதுவும் ஊதாவாகத்தான் போகும், எறும்பு போட்டபோதும் இப்படித்தான் துள்ளினாய். படிவத்தில் அந்த வரிக்குக் கீழே இப்போதைக்குக் கையெழுத்துப் போடமுடியாது, திங்கட்கிழமை சாரிடம் கரி எப்படி வந்தது என்று சொல்லவேண்டும், காலேஜ் பின்பக்கத்துத் துருத் தண்ணீரில் வந்தது சார், அதைப் பிடித்தது பூங்காவனம், பெயரைப் போட்டுத்தான் எழுதுவேன் என்று சொல்லவேண்டும், அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், துடைக்கட்டும். பூங்காவனம் கேனோடு முன்னால் நடந்தாள். கேன்மேல் இவள் கையெழுத்தில் திலகவதி, வேறு யாரும் தொடக்கூடாது என்று ஒட்டியிருந்தது. ஷெட்டுக்குப் பின்னால், செடி மண்டிக்கிடந்த சுவரில், கைப்பிடி பாதி உடைந்த ஒரு குழாய். பூங்காவனம் கேனைக் கீழே வைத்துவிட்டுத் திருகினாள். முதலில் காற்று வந்தது. பிறகு இருமிக்கொண்டு தண்ணீர் வந்தது, செங்கல்லைக் கரைத்தது போல அப்படி ஒரு சிவப்பு. பழக்கதோஷம், பூங்காவனத்தின் கால் தானாகவே கேனைப் பக்கத்தில் தள்ளியது, சிவப்பு போய் ஒழியட்டும் என்று. "விடாதீங்க! விடாதீங்கக்கா, அதைத்தான் புடிக்கணும், எல்லாம் கீழ போவுது பாருங்க!" ஷெட் தகரம் அதிர்கிற மாதிரிக் கத்தினாள் திலகவதி, கத்திய பிறகுதான் கத்தியது தெரிந்தது. பூங்காவனம் ஒரு நொடி தோளைக் குறுக்கிக்கொண்டாள். அப்புறம் கேனைக் குழாய்க்கு நேரே நகர்த்தி வைத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இன்னாத்துக்கு இப்டிக் கத்தற? புடிச்சிக்கினுதானே கீறேன்" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் பயமில்லாமல் பதிலுக்குப் பேசியது இதுதான் முதல் தடவை. திலகவதி வாயை மூடிக்கொண்டாள். கேன் நிரம்புகிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.